ஐந்து நிமிடம் பேசாத பிள்ளை

சிப்பிக்குடியில் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்தவர்களுக்கெல்லாம் வீடு மறந்துபோன அந்த நாற்பத்தொரு நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் தொடங்கியது. தவக்காலத்தின் கடைசிச் செவ்வாய் அது, அன்று முதலில் வீடு தவறிப் போனவர் படகுத் தச்சர் தொம்மை அண்ணன். அவர் இயல்பிலேயே பேசாத மனிதர், போதாததற்கு வாய் நிறைய ஆணியை அடக்கிக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் வேறு. உச்சிவேளையில் உளியை வைத்துவிட்டு, ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, கொட்டகையிலிருந்து நேராக நடந்து மூன்று தெரு தள்ளியிருந்த ரீத்தம்மாள் வீட்டுக்குள் போய்க் கைகழுவிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரீத்தம்மாளும் தட்டெடுத்துச் சோறு போட்டாள், ஏனென்றால் தொம்மை அண்ணன் எந்த வீட்டுக்காரர் என்று அந்த நேரத்தில் அவளுக்கும் தெரியவில்லை, தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர் தெரிந்தது, முகம் தெரிந்தது, அவர் கட்டிய படகுகளின் எண்கூடத் தெரிந்தது, வீடு மட்டும் தெரியவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, "கொழம்புல புளி தூக்கலா இருக்கு" என்றார். அவ்வளவுதான், அந்த நொடியிலிருந்து அவர் ரீத்தம்மாள் வீட்டு ஆள்.

அவர் பெண்சாதி ஞானப்பு அக்கா மூன்று நாள் சோறு வடித்துவிட்டு, இத்தனை அரிசி யாருக்காகப் போட்டோம் என்று யோசித்தாள். மூன்றாம் நாள் அதே ஆணி, அதே மௌனம், கால் போன போக்கில் அவர் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே தற்செயலாக நுழைந்து "மோர் இருக்கா" என்று கேட்டதும் எல்லாம் பழையபடி ஆயிற்று.

"மூணு நாளா எங்கய்யா போனீரு?" என்றாள் அக்கா.

"வீட்டுலதான இருந்தேன்" என்றார் தொம்மை அண்ணன். அது பொய்யும் இல்லை.

கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த விதி எனக்குத் தெரியும். நான் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிற பெட்டியின் விதி அது.

எங்கள் ஊரில் எண்பது வீட்டுக்கும் பங்குக் கோவில் மண்டபத்திலிருக்கிற ஒரு பெட்டியிலிருந்துதான் நெட் போகிறது. செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அப்படிக் கைவிடப்பட்ட பெட்டிகளுக்கென்று உலகத்தின் பல மூலைகளில் சிலர் உட்கார்ந்து நிரல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. பெட்டிக்குள் ஸ்விட்ச் என்று ஒரு சில்லு, எந்த வீட்டுக்கு வந்ததை எந்தக் கம்பியில் தள்ளுவது என்று அதுதான் முடிவு செய்யும், அதற்கு வேலை சொல்லுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர், இந்த ஒரு ரகத்தின் டிரைவர் நான்கு வருடமாக என் பொறுப்பு. அந்தச் சில்லுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டாம், அது காதுகொடுத்தே கற்றுக்கொள்ளும்: எந்தக் கம்பியிலிருந்து குரல் வந்ததோ அதுதான் அந்தக் குரலின் வீடு. ஐந்து நிமிடம் குரல் வராவிட்டால் வீட்டை மறந்துவிடும். வீடு மறந்த ஒருவருக்கு ஏதாவது வந்தால் எல்லா வீட்டுக்கும் அனுப்பிப் பார்க்கும். ஞானப்பு அக்கா இரண்டாம் நாள் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று "யோவ் தொம்மை" என்று ஒரு சத்தம் போட்டபோது எண்பது வீட்டு அடுப்படியிலும் அது கேட்டு எண்பது அகப்பையும் நின்றது அதனால்தான்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திருத்தம் எழுதி அனுப்பும்போது மடலின் அடியில் எழுதியவர் பெயர் ஒரு வரி, பெட்டியில் ஏற்றிச் சோதித்தவர் பெயர் ஒரு வரி என்று போடுவது எங்கள் வழக்கம். சோதித்ததற்கு யாரும் சாட்சி கேட்கமாட்டார்கள், பெயரே சாட்சி. இந்தப் பெட்டியைக் கம்பெனி உள்ளே கொஞ்சம் மாற்றி இரண்டு தடவை செய்தது, முதல் அச்சு, இரண்டாம் அச்சு என்போம், என் மேசையில் இருந்தது முதல் அச்சு மட்டும். அன்று என் மகள் செலினுக்கு நூற்று மூன்று காய்ச்சல், ஒரு கையில் ஈரத்துணி, ஒரு கையில் விசைப்பலகை, முடித்துத் தொலைப்போம் என்று இரண்டு அச்சிலும் சோதித்தவர் ஜெனோவா என்று போட்டு அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வருடம் கன்னியர் பள்ளியில் தினமும் மனச்சாட்சிப் பரிசோதனை செய்து வளர்ந்தவள் நான், அன்று செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் அமலன், ஊரில் வயரிங் வேலை அவர்தான் பார்க்கிறார், அந்தப் புது நிரலை மண்டபத்துப் பெட்டியில் பெருமையோடு ஏற்றினார். பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பிறகுதான் பார்த்தோம். இரண்டாம் அச்சு.

நெட் நன்றாகவே வந்தது, முன்னைவிட வேகமாக வந்தது. பெட்டியின் சுபாவம் ஊருக்குத் தொற்றியதுதான் புதிது.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானூறு பேரும் கோவிலில் முழங்காலிட்டு மௌனம் காத்தார்கள், எழுந்து வெளியே வந்து மணலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வெயில் சுட்டது, சுடச்சுடக் கண்ணில் பட்ட கதவுக்குள் நுழைந்தார்கள், அங்கே உபவாசக் கஞ்சியைக் குடித்துவிட்டு உப்பு இல்லை என்றோ துவையல் நன்று என்றோ ஒரு வார்த்தை சொன்னார்கள், சொன்ன வீட்டிலேயே தங்கினார்கள். நான் செலினை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து வாங்கப் போயிருந்ததால் தப்பித்தேன், அமலன் ஒலிபெருக்கியோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்ததால் தப்பித்தார், பங்குச்சாமி பாடிக்கொண்டிருந்ததால் தப்பித்தார். ஊர் அவரவர் வீட்டுக்குத் திரும்பி முடிக்கப் பாஸ்குத் திருநாள் கழிந்து இரண்டு நாள் ஆயிற்று, அதிலும் எல்லோரும் திரும்பினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது, புதுச் சாலைக்கும் புது அரிசிக்கும் பழகிக்கொள்வது போல. நற்கருணைக்குப் பின்னான மௌனத்தை எடுத்துவிட்டுச் சாமி அங்கே எல்லோரும் சத்தமாகச் சொல்கிற ஒரு மன்றாட்டு மாலையைச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஆஜர் எடுத்தார்கள், பரீட்சை நடுவிலும் எடுத்தார்கள். செல்போன்கள் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தன, ஒன்று ஓய ஒன்று அடிக்கும், அடித்தவுடன் பெண்கள் அருள்நிறை மரியே என்றார்கள், ஆண்கள் மீன் விலை சொன்னார்கள், இளவட்டங்கள் ஸ்கோர் சொன்னார்கள், சொல்வதற்கு எதுவும் இல்லாதவர்கள் "கிழக்குத் தெரு, பச்சைக் கதவு, சவேரியார் வீடு" என்று தங்கள் விலாசத்தையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்கள். புருசன் பெண்சாதி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் பேசாமல் இருப்பது நின்றே போயிற்று. கையால் பேசுகிற வலைக்கார ஆரோக்கியத்துக்குக் கையசைவும் பேச்சாகவே எண்ணப்பட்டது. தூங்குகிறவர்களை அது தொடவில்லை, கடலுக்குப் போனவர்களைத் தொடவில்லை, கம்பி போகாத இடத்துக்கு அது போகவில்லை. வீட்டில் தினம் திட்டு வாங்கிய கல்லூரிப் பெண் ஒருத்தி மாதா கெபிப் படிக்கட்டில் ஆறு நிமிடம் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சித்தி வீட்டில் போய் "டீ இருக்கா சித்தி" என்று கேட்டு அங்கேயே இருந்துகொண்டாள், தேடி வந்த தாய்க்குத் தான் எதைத் தேடி வந்தோம் என்றே சொல்லத் தெரியவில்லை.

"எதுக்கு இதப் போய்ச் சரிபண்ணணும்ங்குற? ஊரு இப்பத்தான் கலகலன்னு இருக்கு" என்றாள் பிரிசில்லா அக்கா. எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவள், நாற்பது வயது, கட்டிக்கொண்டு வந்து இருபது வருடத்தில் மடியில் ஒன்றும் தங்கவில்லை, அதனால் ஊர்ப் பிள்ளைகளின் எண்ணெய்ச் சீப்பும் பவுடர் டப்பாவும் அவள் வீட்டில்தான் இருக்கும்.

"உங்களுக்கென்னக்கா, நீங்க தூக்கத்துலயும் பேசுவீங்க."

"வாய் இருக்கவ பொழச்சுக்கிடுவா. நீ ஏன் பொழுதனைக்கும் இந்தப் பிள்ளைய இடுப்புலயே கட்டிவச்சிருக்க? காலு சூம்பிப் போயிரும்டி."

காரணம் அவளுக்கும் தெரியும். செலினுக்கு மூன்று வயது முடிகிறது, இன்னும் ஒரு சொல் பேசவில்லை, தூக்கச் சொல்லிக் கையை உயர்த்துவதைத் தவிரக் கையாலும் எதையும் சொல்லமாட்டாள். டாக்டர் பொறுங்கள் என்கிறார், பொறுக்கிறேன். அழுகையும் சிரிப்பும் அந்தக் கை உயர்த்தலும் அந்த விதியில் சேரவில்லை. இடுப்பில் இருக்கிற பிள்ளை தூக்கினவளோடு சேர்த்து எண்ணப்பட்டது, கீழே இறங்கி நடக்கிற பிள்ளை தனி ஆள். செலினைத் தரையில் விட்டால் ஐந்து நிமிடம், அதற்குமேல் அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்கே தெரியாது. அதனால் இறக்கிவிட்டால் முந்நூறு வரை எண்ணக்கூடப் பயந்து இருநூறில் தூக்கினேன். சமைக்கும்போது இடுப்பில், கோட் எழுதும்போது மடியில், குளிக்கும்போது கதவுக்கு வெளியே அமலன் கையில். இடது பக்கம் முழுவதும் மரத்துப்போனது. இவள் தூங்கின பிறகுதான் இரண்டு கையும் எனக்குத் திரும்பக் கிடைத்தன, அப்போதெல்லாம் அந்தத் தவறைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் பழைய நிரலையே திரும்பப் போடக்கூடாது என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தோம், பெட்டி பின்னால் போக மறுத்தது. அணைத்தே வைத்துப் பார்த்தோம், அணைத்த நொடியில் ஊரில் எல்லோருக்கும் எல்லா வீடும் மறந்து, நானூறு பேரும் கடற்கரையில் போய்க் கூட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அமலன் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார்.

பத்தொன்பதாம் நாள் அது நடந்தது. கடைசியில் எங்கே தவறு என்று கண்டுபிடித்துவிட்டேன், முதல் அச்சில் காலத்தைக் குறிக்கிற இடத்தில் இரண்டாம் அச்சு வேறு எதையோ வைத்திருந்தது, நான் அதன்மேல் எழுதியிருந்தேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் மடி இலேசானதைக் கவனிக்கவில்லை. செலின் இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அடுப்பில் இருந்த சுறாப்புட்டில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு பிரிசில்லா அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே அக்கா இடுப்பில் ஒரு பெண்பிள்ளை, தலைக்குச் சீவிப் பவுடர் போட்டு இருந்தது.

"நல்ல பிள்ளக்கா" என்றேன், கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தேன். "உங்க சாடையே அப்படியே இருக்கு."

"வேற யாரு சாடை இருக்கும்" என்றாள் அக்கா.

வீட்டுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். இரண்டு கையாலும் செய்தேன். எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அமலன் வந்து சாப்பிட்டார், கொடியில் கிடந்த சின்ன கவுனைப் பார்த்து "இது யாரு கவுனு, காத்துல பறந்து வந்திருக்கு" என்றார், மடித்துத் திண்டில் வைத்தார்.

பிரிசில்லா அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, பழக்கமில்லாத இடுப்பு. பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு முற்றம் கூட்டியிருக்கிறாள், அதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிட்டது, நிமிர்ந்து பார்த்தால் முற்றத்தில் யாரோ ஒரு பிள்ளை. வைத்துக்கொண்டிருக்கலாம், கேட்பார் யாருமில்லை. அவளோ அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி "இது யாரு பிள்ள, இது யாரு பிள்ள" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் வாசலுக்கும் வந்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது. யார் பிள்ளை கையைத் தூக்கினாலும் நாம் தூக்கத்தானே செய்வோம், அப்படித்தான் தூக்கினேன். இடுப்பில் அவள் கனம் பட்டதும் எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது.

பிரிசில்லா அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு மணி நேரம் எம்புள்ளையாத்தான்டி இருந்தா" என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

அன்று ராத்திரியே ஹென்ரிக்குக்கு எழுதினேன். அவர் எங்கேயோ பனி பெய்கிற ஊரிலிருந்து எங்கள் எல்லோருடைய திருத்தங்களையும் வாங்கிச் சேர்க்கிறவர், முகம் பார்த்ததில்லை. இரண்டாம் அச்சில் நான் சோதிக்கவில்லை, சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன், அதனால் எங்கள் ஊரில் ஆட்களுக்கு வீடு மறக்கிறது, இத்துடன் திருத்தம் என்பதுதான் மடல். அவர் பதில் மறுநாள் வந்தது. பொய்க் கையெழுத்தைப் பற்றி ஒரு வரி, சுருக்கென்று தைக்கிற வரி. ஊரைப் பற்றி, தரவு ஏதும் தொலைகிறதா என்று ஒரு கேள்வி. கடைசியில், இந்த முறை நீங்கள் எழுதியதை நீங்களே உண்மையாகச் சோதித்துவிட்டுப் பெயர் போடுங்கள், ஐந்து நிமிடத்துக்குமேல் ஒரு முனை முற்றிலும் மௌனமாக இருந்து, பிறகும் அது அடையாளம் காணப்படுகிறதா என்று பார்க்காமல் நான் வாங்கமாட்டேன் என்று முடித்திருந்தார்.

நியாயமான பேச்சு, எங்கள் ஊரில் முனை என்றால் ஆள். ஆனால் ஐந்து நிமிடம் மௌனமாக இருக்க ஊரில் ஆள் இல்லை. அமலன் இரண்டு நிமிடத்தில் "மணி என்னாச்சு" என்று கேட்டுவிட்டார். சாமி மூன்றாம் நிமிடத்தில் ஆமென் என்றார். பெரிய நம்பிக்கையோடு தொம்மை அண்ணனைக் கூப்பிட்டோம்.

"இப்ப ஆணிய வாயில வைக்கிறதில்ல மக்கா" என்றார் அவர். "பேசிப் பேசி ஒண்ண முழுங்கிட்டேன்." நிறுத்தாமல் மேலும் கால்மணி நேரம் அந்த ஆணியைப் பற்றியே சொன்னார்.

அமலன்தான் கடைசியில் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு ஆளு இருக்கால்ல, ஜெனோ."

"வாய மூடுங்க."

"அவ ஒருத்தியாலதான் முடியும்."

"சோதன தப்பாப் போச்சுன்னா? அவ ரோட்டுல நிப்பா, நான் பாத்துட்டுப் போவேன். நீங்களும் பாத்துட்டுப் போவீங்க. யாரு வீட்டுப் பிள்ளையோன்னு சொல்லிட்டுப் போவீங்க."

"போவேன்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. "அதுக்காகக் காலம்பூரா இடுப்புலயே வச்சிருப்பியா?"

மேலும் இருபது நாள் வைத்திருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. இடுப்புக்காக அல்ல. செலின் தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை உதற ஆரம்பித்திருந்தாள், ஒரு நாள் இறக்கிவிட்டபோது நடக்கத் தெரியாதவள்போல் நின்றாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை கோவில் மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்ச் சத்தமாகப் பேசினார்கள், பேசப்பேச அமலன் மண்டபத்தில் திருத்தத்தை ஏற்றினார், பெட்டி அணைந்து எழுந்தது, ஊர் தன்னை மறுபடி கற்றுக்கொண்டது. அதன்பின் நான் செலினைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு எனக்கு மூன்று நிமிடம், அவளுக்குப் பத்து நிமிடம், கிளிஞ்சல் ஒவ்வொன்றுக்கும் குனிவாள். அவளை இறக்கிவிட்டேன். நானும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், வீடு தவறினால் இரண்டு பேரும் சேர்ந்து தவறுவோம். உதட்டில் விரல் வைத்து வரிசையில் போகப் பன்னிரண்டு வருடம் பழகிய உதடு, அன்று அது என்னோடு மல்லுக்கு நின்றது.

அவள் முன்னால் போனாள், நான் பத்தடி பின்னால் போனேன், எனக்குப் பின்னால் அமலன் கடிகாரத்தைப் பார்த்து "ஒண்ணு... ஒண்ணரை..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாசல்தோறும் பெண்கள் நின்றார்கள், செல்போன் அடிக்க அடிக்க மரியே என்றார்கள், கண் மட்டும் பிள்ளைமேல் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவள் ஒரு கோழியின் பின்னால் சந்துக்குள் போய்த் திரும்பினாள். நான்காவதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள், ஒன்றை மட்டும். "நாலே முக்கா" என்றார் அமலன். நான் அவளுடைய பின்கழுத்தை, கழுத்தில் அப்பியிருந்த முடியை, கவுனில் பித்தான் விட்டுப்போன இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டு நடந்தேன், இவையெல்லாம் தெரிந்திருந்தும் மறக்கும் என்பது எனக்குத் தெரியும். "அஞ்சு" என்றார். "அஞ்சரை." நான் எனக்குள் ஏதாவது அவிழ்கிறதா என்று தேடினேன். அவிழ்ந்தவளுக்கு அவிழ்ந்தது தெரியுமா? அன்றைக்குச் சுறாப்புட்டோடு போனவளுக்குத் தெரிந்ததா? என் பிள்ளை என் பிள்ளை என்று உள்ளே சொன்னேன், அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஏழாவது நிமிடத்தில் செலின் பிரிசில்லா அக்கா வாசலில் ஏறினாள். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், குளித்து நல்ல சேலை கட்டியிருந்தாள். செலின் அண்ணாந்து பார்த்து அவளிடம் இரண்டு கையையும் தூக்கினாள்.

தெரு நின்றது. அடித்த செல்போன்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அமலனும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அக்கா தூக்கினால் தூக்கினதுதான், விதி இன்னும் இருந்தால் அவளோடு போய்விடும், விதி போயிருந்தால் வெறும் தூக்கல். எது என்று ஒருவருக்கும் தெரியாது. அக்காவின் கை இரண்டும் முன்னால் வந்தன. பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். செலினின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள், தெருவில் அத்தனை பேரிலும் இதைத் தெரியாது என்று சொன்னால் லாபம் அவள் ஒருத்திக்குத்தான். நிமிர்ந்தாள்.

"ஏட்டி ஜெனோவா" என்றாள். "என்ன வேடிக்க பாத்துட்டு நிக்க? உம்புள்ள ஒத்தச் செருப்போட வந்திருக்கா. தூக்கிட்டுப் போ."

என் இரண்டு கையும் தானாக நீண்டன, இடுப்பு தானாக வளைந்தது, நாற்பத்தொரு நாள் வளைந்த வளைவு. பிடித்து நிறுத்தினேன்.

"நடக்கட்டும்க்கா" என்றேன்.